நெஞ்சில் நீர்க்கட்டியோடு பிறந்த குழந்தை: உடனே ஆபரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா?

அஞ்சாம் மாச ஸ்கேனிலோ, பிறந்த பிறகு சளிக்கு எடுத்த எக்ஸ்ரேயிலோ "நெஞ்சுக்குள்ள ஒரு நீர்க்கட்டி தெரியுதுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். பிள்ளை வளர வளரக் கட்டியும் வளரும், இப்பவே எடுத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. பால் குடிக்கிற பிள்ளையை அறுக்கறதாவது, நாலஞ்சு வயசு ஆகட்டும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பாசத்தில்தான் பேசுவார்கள், இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு மருத்துவ நியாயமும் இருக்கிறது, அதனால் பேச்சு முடியவே முடியாது. என் தங்கை மகன் விஷயத்தில் கோபிக்கும் ஈரோட்டுக்கும் கோவைக்குமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்த தாய்மாமன் நான், டாக்டர் இல்லை. அலைந்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். குழந்தையின் முதுகெலும்பை முழுசாகப் படம் எடுத்துப் பார்க்காமல் எடுப்பதா, பொறுப்பதா என்று பேச ஆரம்பிப்பதே வீண்.

ஏன் என்றால், நெஞ்சில் நீர்க்கட்டி என்று ஒரே பேரில் சொல்லப்படுவது ஒரே நோய் இல்லை. நுரையீரலுக்குள்ளேயே குமிழ் குமிழாக வருவது ஒன்று, அதை இப்போது சிபிஏஎம் என்று எழுதுகிறார்கள், பழைய ரிப்போர்ட்டுகளில் சிசிஏஎம் என்று இருக்கும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை ஒட்டி வருவது பிராங்கோஜெனிக் சிஸ்ட். உணவுக்குழாயை ஒட்டி, குடலின் உள்தோல் மாதிரியான தோலோடு வருவது டூப்ளிகேஷன் சிஸ்ட். இதையெல்லாம் தாண்டி, நெஞ்சின் பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருப்பது நியூரென்டெரிக் சிஸ்ட். அபூர்வமானது, ஆனால் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். கரு உருவான மூன்றாவது வாரத்தில், பின்னால் முதுகெலும்பாகப் போகும் தண்டும் பின்னால் குடலாகப் போகும் தோலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய வேண்டும். அங்கே சரியாகப் பிரியாமல் ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கம் கட்டி, இன்னொரு பக்கம் குறைபட்ட முள்ளெலும்பு என்று இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மூன்றாவது வாரம் என்றால் நாள் தள்ளிப்போனதே பெண்ணுக்கு உறுதியாகத் தெரியாத நேரம். ஆகவே கிரகணத்தன்று வெளியே போனாள், பப்பாளி தின்றாள் என்று மருமகளைக் குறை சொல்லும் அத்தைமார்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது அந்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லோர் கண்ணும் நெஞ்சில் இருக்கும் உருண்டை நிழலுக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டு நடுவில் கீழிறங்கும் முதுகெலும்பைப் பாருங்கள். அடுக்கி வைத்த செங்கல் வரிசையில் ஒன்று மட்டும் பாதியாக உடைந்து ஆப்பாக நின்றால் எப்படி இருக்கும், அப்படித் தெரிவது அரை முள்ளெலும்பு, டாக்டர்கள் ஹெமிவெர்டிப்ரா என்பார்கள். நடுவில் பிளந்து இரண்டு இறக்கையாகத் தெரிவதற்குப் பட்டாம்பூச்சி முள்ளெலும்பு என்றே பேர். இரண்டு விலா எலும்பு ஒட்டியிருப்பது, ஒரு பக்கம் எண்ணிக்கை குறைவது இதெல்லாமும் துப்புதான். ஒன்றை மறக்க வேண்டாம்: குறைபட்ட எலும்பு பெரும்பாலும் கட்டி இருக்கும் மட்டத்தில் இருக்காது, அதற்கு மேலே, கழுத்தின் அடியிலோ மேல்முதுகிலோ இருக்கும். கரு வளரும்போது குடல் பகுதி கீழே இறங்கிவிடுகிறது, எலும்பில் விழுந்த குறை மேலேயே நின்றுவிடுகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் கழுத்து வெட்டுப்பட்டிருந்தால் அது தெரியாமலே போகும். கழுத்திலிருந்து வால் எலும்பு வரை படம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எங்கள் வீட்டில் எக்ஸ்ரேக்கு முன்னாலேயே ஒரு கை அதைக் கண்டுபிடித்துவிட்டது. தலைப்பிரசவம் என்பதால் தங்கை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பையனைக் குப்புறப் போட்டு வெந்நீர் வார்க்கும்போது, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் விரல் ஓடுகிற இடத்தில் ஒரு சின்ன மேடு தட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாக் குழந்தைக்கும் அப்படித் தட்டாது, குறைபட்ட எலும்பு இருந்தும் வெளியே ஒன்றுமே தெரியாமல் இருப்பதுதான் அதிகம். ஆனாலும் குளிப்பாட்டுகிறவர் சொன்னால் காது கொடுங்கள். முதுகின் நடுக்கோட்டில் ஒரு கொத்து முடி, ஆழமான குழி, சிவந்த மச்சம் இருந்தாலும் அதே கதைதான், டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். பொறுத்துப் பார்ப்பது எந்தக் கட்டிக்குப் பொருந்தும்? மூச்சுத் தொந்தரவு இல்லாத, நுரையீரலுக்குள் இருக்கும் சிபிஏஎம் கட்டிக்குத்தான் இந்த வாதம் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறது, உலகம் முழுக்க டாக்டர்களே இதில் இரண்டு பட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள்: பின்னால் சீழ் பிடித்துவிட்டால் ஆபரேஷன் சிக்கலாகும், அபூர்வமாகப் புற்றுநோய் மாதிரியான ஒன்று சாதாரணக் கட்டி வேஷத்தில் இருக்கலாம், சின்ன வயதில் எடுத்தால் மீதி நுரையீரல் நன்றாக வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். பொறுக்கச் சொல்பவர்கள், பல குழந்தைகளுக்குத் தொந்தரவே வருவதில்லை, அப்படி இருக்க எதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டும் என்பார்கள். எடுப்பது என்றால் பல இடங்களில் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு வயதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு முன்னால், படம் தெளிவாகத் தெரிய நரம்பில் சாய மருந்து செலுத்தி ஒரு சிடி ஸ்கேன். பிரசவத்துக்கு முந்தின ஸ்கேனில் கட்டி மறைந்துபோச்சு, பிறந்த பின் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கு என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள், எக்ஸ்ரேயில் தெரியாத கட்டி சிடியில் தெரிவது சர்வசாதாரணம்.

முதுகெலும்பில் குறை தெரிந்துவிட்டால் அந்த வாதமே அடிபட்டுப் போகிறது. பின்பக்கக் கட்டி, மேலே குறைபட்ட முள்ளெலும்பு என்றால் அது நியூரென்டெரிக் என்று சந்தேகப்பட வேண்டும், அதைப் பொறுத்துப் பார்ப்பதில் லாபம் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. உள்தோல் நீரைச் சுரந்துகொண்டே இருக்கும், கட்டி பெருக்கும். அந்தத் தோலில் இரைப்பையின் தோல் கலந்திருந்தால் அமிலம் சுரந்து புண்ணாகி, நுரையீரலுக்குள்ளேயோ உணவுக்குழாய்க்குள்ளேயோ ரத்தம் கசியலாம். குறைபட்ட எலும்பு வழியாகக் கட்டியின் ஒரு வால் தண்டுவடம் இருக்கும் குழாய்க்குள் நுழைந்திருக்கலாம். அந்த வழியாகக் கிருமி போனால் மூளைக்காய்ச்சல், வால் பெருத்தால் தண்டுவடம் நசுங்கும். நசுங்குவதைக் கைக்குழந்தை வாய்விட்டுச் சொல்லாது. ஒரு கால் மற்றதைவிடக் குறைவாக உதைக்கும், மூத்திரம் பீய்ச்சி வராமல் சொட்டுச் சொட்டாக வடியும், மலச்சிக்கல் விடாது. நாம் அதை "சோம்பேறிப் பையன்" என்று கொஞ்சிக்கொண்டிருப்போம்.

மூச்சு முட்டினால் இந்த ஒப்பீடு எதுவுமே கிடையாது, 108க்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் அது வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்கும்போது வேர்த்துப் பாதியில் விடுவது, உதடு நீலம் பூப்பது இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் வீசிங் என்று சொல்லி நெபுலைசர் வைத்து வைத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்டதற்குப் பச்சைக் குழந்தைக்கு ரேடியேஷன் எதற்கு என்று எங்களையே திட்டினார்கள். கைக்குழந்தைக்குத் திரும்பத் திரும்ப இழுப்பு வந்தால், அதுவும் ஒரே பக்கத்தில் சத்தம் கேட்டால், மூச்சுக்குழாயை வெளியிலிருந்து ஏதாவது அழுத்துகிறதா என்று பார்ப்பது டாக்டரின் வேலை. ஒரு எக்ஸ்ரேயின் ரேடியேஷன் அதற்கு முன்னால் பெரிய விஷயமே இல்லை.

அடுத்தது எம்ஆர்ஐ. இங்கேயும் இரண்டு வழி உண்டு, இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் ஒரு மயக்க மருந்தை மிச்சப்படுத்தலாம். சுமார் மூன்று மாதம் வரையுள்ள குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடித் தூங்கவைத்தே எம்ஆர்ஐ எடுத்துவிட முடியும். எங்கள் பையனுக்கு இரண்டாம் மாதத்தில் இப்படித்தான் எடுத்தார்கள். ஸ்கேன் அறை ஏசியில் தங்கை நடுங்கிக்கொண்டே பால் கொடுத்தாள், டெக்னீஷியன் அவசரப்படுத்தாமல் பையன் அசரும் வரை உட்கார்ந்திருந்தார், அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. வயது தாண்டிவிட்டால் மயக்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மயக்க மருந்து விஷயத்தில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் ஒரு எச்சரிக்கை கொடுத்தது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடும் என்று. இதைப் படித்துவிட்டு ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடுவது தப்பு, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஒற்றை மயக்கத்தால் ஐந்து வயதில் வித்தியாசம் தெரியவில்லை என்று பின்னால் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, சிடிக்கு ஒரு மயக்கம், எம்ஆர்ஐக்கு ஒரு மயக்கம், ஆபரேஷனுக்கு ஒரு மயக்கம் என்று சிதறவிடாமல் சேர்க்க முடிந்ததைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது. இன்னொன்று, மூச்சுக்குழாயை அழுத்தும் கட்டி உள்ள குழந்தைக்கு ஸ்கேனுக்கான லேசான மயக்கம்கூட ஆபத்துதான். தனியான ஸ்கேன் சென்டரில், மயக்க டாக்டர் இல்லாமல், தூக்க மருந்து ஊற்றிப் படுக்கவைக்க விடாதீர்கள்.

முதுகுக்கு அல்ட்ராசவுண்டு போதாதா, செலவு குறைவாச்சே என்று மாப்பிள்ளை கேட்டார். பிறந்த முதல் சில மாதங்களில் எலும்பு முற்றாததால் அல்ட்ராசவுண்டில் தண்டுவடம் தெரியும், கீழ்முதுகில் சந்தேகத்துக்கு அது நல்ல முதல் படி. மேல்முதுகில் எலும்புக் குறை இருக்கு, பக்கத்தில் கட்டி இருக்கு என்று தெரிந்த பிறகு அதை நம்பி ஆபரேஷனுக்குப் போக முடியாது, எம்ஆர்ஐதான். அதோடு இதயத்துக்கு ஒரு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்டு. முள்ளெலும்புக் குறையோடு இந்த இரண்டிலும் குறை சேர்ந்து வருவது உண்டு.

ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாமே என்று ஒருவராவது சொல்வார். குழந்தை மூச்சுக்குத் திணறும்போது சில மணி நேரத்தைச் சம்பாதிக்க அதைச் செய்வதுண்டு, நிரந்தர வைத்தியம் அது இல்லை. சுரக்கும் தோல் உள்ளேயே இருப்பதால் நீர் திரும்ப நிறையும், கிருமி புகுந்து சுற்றிலும் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுப்பது இரட்டிப்புக் கஷ்டம். எம்ஆர்ஐ எடுக்காமல் பின்பக்கக் கட்டியில் ஊசி குத்தவே கூடாது. அது கட்டியாக இல்லாமல், தண்டுவடத்தின் உறை பிதுங்கி வந்த பையாக இருந்துவிட்டால் மூளைத் தண்டுவட நீரையல்லவா உறிஞ்சுவார்கள். கைக்குழந்தைகளின் பின்பக்கக் கட்டிகளில் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியும் ஒன்று, அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. டாக்டர் அதை எழுதினால் பதறாதீர்கள், இல்லை என்று உறுதிசெய்யத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள்.

இனி திறந்து செய்வதா, துளை போட்டுக் கேமரா வைத்துச் செய்வதா. சாதாரணக் குழந்தைக்கு இது தழும்பு, வலி, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருப்பது என்ற கணக்கோடு முடிந்துவிடும். முதுகெலும்புக் குறை உள்ள குழந்தைக்கு இது வேறு கேள்வி. கைக்குழந்தையின் விலா இடுக்கைப் பெரிதாகத் திறந்து செய்யும்போது, வளர்ந்த பிறகு விலா எலும்புகள் ஒட்டிக்கொள்வது, தோள்பட்டை எலும்பு துருத்துவது, முதுகு பக்கவாட்டில் வளைவது என்று பின்விளைவுகள் வரலாம் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஏற்கெனவே அரை முள்ளெலும்பால் வளையக் காத்திருக்கும் முதுகுக்கு இன்னொரு தள்ளு எதற்கு? அதனால் என் ஓட்டு துளை முறைக்கு, நல்ல அனுபவமுள்ள கை கிடைத்தால். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தையின் நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தி ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்து, 3 அல்லது 5 மில்லிமீட்டர் கருவிகளோடு வேலை செய்ய வேண்டும், சர்ஜனுக்குச் சமமாக மயக்க டாக்டரும் தேர்ந்தவராக இருக்க வேண்டும். "ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நடுவில் திறக்க வேண்டி வந்தால் அதைத் தோல்வி என்றும் நினைக்காதீர்கள். தசையை வெட்டாமல் ஒதுக்கிச் சின்னதாகத் திறக்கும் முறையும் உண்டு, துளை முறையில் பழகாத கைக்கு அதுவே மேல். எந்த முறையானாலும் உணவுக்குழாயில் கசிவு, நிணநீர் நெஞ்சில் தேங்குவது, மேல்பக்கக் கட்டியானால் ஒரு கண் இமை லேசாகத் தொங்குவது போன்றவை நடக்கக்கூடியவை. கையெழுத்து வாங்கும்போது இவற்றைச் சொல்லாமல் வெறும் பேப்பரை நீட்டினால் உட்காரவைத்துக் கேளுங்கள்.

கட்டியின் வால் தண்டுவடக் குழாய்க்குள் போயிருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பதா, இரண்டு தடவையாகச் செய்வதா, எதை முதலில் செய்வது என்று இன்னொரு முடிச்சு விழும். தண்டுவடம் நசுங்குகிறது என்றால் நியூரோ சர்ஜன் முதுகுப் பக்கத்தை முதலில் முடிப்பதுதான் வழக்கம். நெஞ்சுக் கட்டியை முதலில் இழுத்தெடுத்தால் உள்ளே மிஞ்சும் பகுதி வீங்கியோ ரத்தம் கசிந்தோ தண்டுவடத்தை இன்னும் அழுத்தும் அபாயம் இருக்கிறது. மூச்சு முட்டுகிற குழந்தைக்கு மட்டும் வரிசை மாறும், உயிர் முதலில். எங்கள் பையனுக்கு எம்ஆர்ஐயில் ஒரு மெல்லிய நார் மட்டும் எலும்புக்குள் போவது தெரிந்தது, அழுத்தம் இல்லை. அதனால் நாலாம் மாதம் துளை முறையில் ஒரே தடவையாக எடுத்தார்கள், நியூரோ சர்ஜன் தியேட்டரில் கூடவே இருந்தார். எம்ஆர்ஐக்கு முன்னால் அம்மா டாக்டரிடம், "ஏனுங்க, பாலு நல்லாத்தான் குடிக்கறானுங்க, ஒரு கொறையும் தெரியலீங்களே, இப்பவே எடுக்கோணுமுங்களா?" என்று கேட்டதும் அவர், "கட்டியப் பத்தி அப்புறம் பேசிக்கலாங்கம்மா, முதல்ல முதுகுப் படம் வரட்டும்" என்று சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்பதற்கும் இதுவேதான் அளவுகோல். பீடியாட்ரிக் சர்ஜன், நியூரோ சர்ஜன், குழந்தைகளுக்கான ஐசியூ, கைக்குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர், இந்த நாலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று நம் பக்கமே இப்போது அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. முதல் பரிசோதனைக்கும் தொடர்ந்து பார்க்கவும் அவை கைக்கெட்டும் தூரம், ஆபரேஷனுக்குக் கோவை அல்லது சேலத்தின் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதுவார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையோ வேலூர் சிஎம்சியோ போனால் இந்த மாதிரி அபூர்வக் கட்டியைப் பார்த்த அனுபவம் கூடுதலாக இருக்கும். ஆனால் கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஈரோட்டில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டால் விடியலில் சென்னைதான் என்றாலும், பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும் லாட்ஜில் தங்க வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி காய்ச்சல் அடித்தால் அதே டாக்டரிடம் ஓட முடியாது. தண்டுவடத்துக்குள் பெரிய அளவில் போயிருந்தாலோ, ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் நடந்து கட்டி திரும்பியிருந்தாலோ தூரத்தைப் பார்க்காமல் போங்கள். சின்ன நார், அழுத்தம் இல்லை என்றால் கோவையே போதும் என்பது என் எண்ணம். ஊரில் பேர் பெற்ற ஆஸ்பத்திரி என்பதற்காக மட்டும் எங்கும் சேர்க்காதீர்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு ஆபரேஷன் செய்வதும் ஐந்து கிலோ குழந்தைக்குச் செய்வதும் வேறு வேறு தொழில்.

பணத்தைப் பற்றி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, சேர்க்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டில் குழந்தையின் பேர் என்று பேப்பர் வேலைகளைக் குழந்தை பிறந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் முன் அனுமதி வாங்க நேரம் இருக்கும், அவசரமாகச் சேர்க்கும்போது கவுண்டரில் நின்று அல்லாட வேண்டாம். பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள் இஎஸ்ஐ அட்டையை மறந்துவிடுகிறார்கள், அதில் குழந்தைக்கும் உரிமை உண்டு, முதலில் பேரைச் சேர்க்க வேண்டும். தனியார் பாலிசிகள் பிறவிக் குறையை வெளியே தெரிவது, உள்ளே இருப்பது என்று இரண்டாகப் பிரிக்கும். நெஞ்சுக் கட்டி உள்ளே இருக்கும் வகை. வெளிக்குறைக்கான விதியைக் காட்டித் தட்டிக் கழித்தால் அப்படியே ஒப்புக்கொண்டு திரும்பாதீர்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியோடு இணைந்த டிஇஐசி என்ற குழந்தைகள் மையத்திலும் பதிந்துவைத்தால், பின்னாளில் பிசியோதெரபிக்கும் வளர்ச்சியைக் கவனிக்கவும் உதவும்.

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். சளி கட்டினால் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவது, அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சேலைத் துணியில் போட்டு உருட்டி எடுப்பது, குளிப்பாட்டும்போது கழுத்தைப் பிடித்து முறுக்கிச் சொடக்கு எடுப்பது எல்லாம் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. கழுத்திலோ மேல்முதுகிலோ எலும்புக் குறை உள்ள குழந்தைக்கு இதில் எதுவும் கூடாது. வெந்நீர் வார்ப்பதை அம்மா நிறுத்தவில்லை, தலையையும் முதுகையும் தாங்கிப் பிடித்து, முறுக்காமல் இழுக்காமல் வார்த்தார்.

கட்டி போன பிறகு முதுகெலும்பு பாக்கி நிற்கும். அரை முள்ளெலும்பு இருந்தாலே கூன் விழும் என்று இல்லை. எதிர்ப்பக்கம் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இந்தப் பக்கம் அரை எலும்பு இருந்தால் வேகமாக வளையும், இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று சரிக்கட்டினால் பல வருஷம் நேராகவே நிற்கும். முதல் ஐந்து வருஷமும், வயசுக்கு வரும் காலமும்தான் வேகமாக வளரும் பருவம், அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போல எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்க்க வேண்டியிருக்கும். பெல்ட் போட்டுச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், பிறவியிலேயே எலும்பு குறைந்து வரும் வளைவைப் பெல்ட் பெரிதாகத் தடுப்பதில்லை. வளைவு ஏறிக்கொண்டே போனால் அந்த அரை எலும்பை எடுக்கும் ஆபரேஷன் உண்டு, அதை வளைவு முற்றுவதற்குள் செய்வது நல்லது. முதுகெலும்புக்குக் கோவை கங்கா மருத்துவமனை வெளிமாநிலத்துக்காரர்களும் தேடி வரும் இடம், நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த ஒன்றிலாவது தூரம் பிரச்சினை இல்லை.

எடுத்த கட்டி பயாப்ஸிக்குப் போனதா என்று கேட்டு அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள், கட்டியின் உண்மையான பேர் அதில்தான் உறுதியாகும். சுவரில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மறுபடி நீர் கோத்துக்கொள்ளும், ஆகவே மறு எம்ஆர்ஐ எப்போது என்று டிஸ்சார்ஜ் பேப்பரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். படங்களைப் பதிந்து கொடுக்கும் வட்டத் தகட்டைப் பத்திரப்படுத்துங்கள், ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, அடுத்த டாக்டர் படத்தைத்தான் கேட்பார். எங்கள் பையனுக்கு முதுகு இப்போதைக்கு நேராக இருக்கிறது, அடுத்த எக்ஸ்ரே அவன் எல்கேஜி சேர்வதற்கு முன்னால்.